எல்லையோர முகவரி வரைபடத்தில் தப்பாக விழுந்தால்: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், வேலந்தாவளம் என்று எந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டினாலும் அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம்தான். இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறோம், ஊர்ப்பெயர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் முகவரி எழுதுகிற முறை வேறு. அதனால் தென்னங்கன்று, மாட்டுத்தீவனம், பம்புசெட் உதிரிபாகம் என்று எதை அனுப்புகிற கடையாக இருந்தாலும், முகவரியை ஆயத்தொலைவாக மாற்றித் தரும் ஜியோகோடர் இந்தப் பகுதியில் அடிக்கடி தடுமாறுகிறது. நான் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுக்கிற கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். நாமினாட்டிம் (யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் தேடும் இலவச ஜியோகோடர்), கூகுள் ஜியோகோடிங் இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. வேறு மென்பொருள் என்றாலும் அமைப்புகளின் பெயர்தான் மாறும்.

எதிலும் கை வைக்கும் முன் ஒரு வேலை. உங்களுக்கு நேரில் தெரிந்த பத்து முகவரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து தமிழ்நாட்டில், ஐந்து கேரளத்தில். அவற்றின் சரியான லேட் (அட்சரேகை), லாங் (தீர்க்கரேகை) மதிப்பைப் போனில் பார்த்துத் தனியாகக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு அமைப்பை மாற்றியதும் இந்தப் பத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. பதிலே வராத முகவரியைவிடத் தப்பான பதில் வந்த முகவரி ஆபத்தானது. பதில் வராவிட்டால் யாராவது போன் செய்து கேட்பார்கள். தப்பான புள்ளி வந்தால் வண்டி கிளம்பிவிடும்.

அறிகுறி 1: புள்ளி வேறு மாநிலத்தில் விழுகிறது

பாலக்காட்டுச் சித்தூருக்குப் போக வேண்டிய சரக்கு, வரைபடத்தில் ஆந்திரத்துச் சித்தூரில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். கோபாலபுரம் என்றால் சென்னைக் கோபாலபுரம் வரும். கம்பம் என்று தேனி மாவட்டத்தில் ஒன்று, ஆந்திரத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். மீனாட்சிபுரம் தமிழ்நாட்டிலேயே பல உண்டு.

*முதலில், உண்மையில் என்ன அனுப்பப்படுகிறது என்று பாருங்கள்.* திரையில் தெரிகிற முகவரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஜியோகோடருக்குப் போகிற வரியைப் பதிவேட்டில் இருந்து எடுத்துப் படியுங்கள். பின்கோடு தனிக் கட்டத்தில் வாங்கப்பட்டிருக்கும், ஆனால் வரியைக் கோக்கும்போது அதைச் சேர்க்க மறந்திருப்பார்கள். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும்.

*அடுத்து, மாநிலமும் பின்கோடும் ஒத்துப்போகின்றனவா?* பில் போடும் மென்பொருளில் மாநிலக் கட்டம் தானாகவே 'தமிழ்நாடு' என்று நிரம்பியிருக்கும். பொள்ளாச்சிக் கடை அல்லவா, அப்படித்தான் நிறுவியிருப்பார்கள். அதனால் 'சித்தூர், தமிழ்நாடு, 678101' என்று ஒன்றோடு ஒன்று முரண்படும் வரி போகும். தமிழ்நாட்டு அலுவலகத்தில் சித்தூர் என்பது கேரளத்துச் சித்தூரா, ஆந்திரத்துச் சித்தூரா என்று பின்கோடுதான் சொல்லும்: 678101 பாலக்காடு பக்கம், 517001 ஆந்திரம்.

முதல் இரண்டு இலக்கத்தை வைத்து ஒரு விதி எழுதிவிடுங்கள். 60 முதல் 66 வரை தமிழ்நாடு (புதுச்சேரியும் காரைக்காலும் இதற்குள்ளேயே வரும்). 67, 68, 69 கேரளம் (மாஹேயும் லட்சத்தீவும் இதில் வந்துவிடும், நம் வேலைக்கு அது தடையில்லை). 51, 52, 53 ஆந்திரம். மாநிலக் கட்டத்தில் என்ன இருந்தாலும் பின்கோடு சொல்வதையே எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். மனிதர்கள் மாநிலத்தைக் கவனிக்காமல் விடுவார்கள், பின்கோட்டைப் பெரும்பாலும் சரியாகத்தான் எழுதுவார்கள்.

*அதன் பிறகு எல்லைப்பெட்டி.* நாமினாட்டிமில் வியூபாக்ஸ் என்றொரு அமைப்பு உண்டு. பொள்ளாச்சி, பாலக்காடு, வாளையார், முதலமடை எல்லாம் அடங்க வேண்டுமானால் லாங் 76.6 முதல் 77.1 வரை, லேட் 10.5 முதல் 10.9 வரை கொடுக்கலாம். இதில் லாங்தான் முதலில் வரும். மாற்றிக் கொடுத்தால் பெட்டி உலகத்தின் வேறு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிழைச்செய்தியும் வராது. வெறும் வியூபாக்ஸ் 'இந்தப் பெட்டிக்குள் இருந்தால் நல்லது' என்ற சிபாரிசு மட்டும்தான். கூடவே பவுண்டட் என்பதை 1 ஆக வைத்தால்தான் பெட்டிக்கு வெளியே உள்ளதை ஒதுக்கும். கூகுளில் பவுண்ட்ஸ், ரீஜன் இரண்டும் சிபாரிசுதான். கட்டாயமாக்க வேண்டுமானால் காம்பொனன்ட்ஸ் அமைப்பில் நாட்டையும் பின்கோட்டையும் கொடுக்க வேண்டும்.

இங்கே எல்லையோர அலுவலகங்களுக்கு ஓர் எச்சரிக்கை. தப்பான மாநிலத்தில் விழுகிறதே என்று 'தமிழ்நாடு மட்டும்' என வடிகட்டி போட்டுவிடுவார்கள். அன்றைக்குச் சரியான மாதிரி தெரியும். ஆனால் கேரளத்து முகவரிகள் எல்லாம் தமிழ்நாட்டுக்குள் ஏதாவது ஒரு பெயரொத்த ஊரில் போய் ஒட்டிக்கொள்ளும். மாநிலத்தை வைத்து வடிகட்டாதீர்கள். பெட்டியை வைத்து வடிகட்டுங்கள். பெட்டிக்கு மாநில எல்லை தெரியாது, அதுதான் நமக்கு வேண்டியது.

*இன்னும் சரியாகவில்லையா?* முகவரியை ஒரே வரியாக அனுப்பாமல், தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், பின்கோடு என்று பிரித்து அனுப்பிப் பாருங்கள். நாமினாட்டிமில் பிரித்து அனுப்புவதும் ஒரே வரியாக அனுப்புவதும் ஒரே கேள்வியில் சேராது, ஏதாவது ஒன்றுதான். லிமிட்டை 5 ஆக வைத்து, வருகிற பதில்களில் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கம் எதில் ஒத்துப்போகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதல் பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுதான் பல மென்பொருள்களின் இயல்பு. பெரிய ஊருக்கு முன்னுரிமை கிடைப்பதால் சின்ன ஊர் எப்போதும் தோற்கும்.

அமைப்பை எல்லாம் திருத்தியும் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தப்பான புள்ளியே வருகிறது என்றால், அது சேமித்துவைத்த பழைய பதில். பெட்டிக்கு வெளியே விழுந்தவற்றை மட்டும் அழித்து மறுபடி ஓட்டுங்கள். எல்லாவற்றையும் அழித்தால், கையால் சரிசெய்து வைத்த புள்ளிகளும் போய்விடும்.

*ஆள் கூப்பிட வேண்டியது எப்போது:* ஆயிரக்கணக்கான பதிவுகளில் பின்கோடே இல்லை, ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது என்னும் நிலையில். அதை அமைப்பு மாற்றிச் சரிசெய்ய முடியாது. தரவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் வேண்டும்.

அறிகுறி 2: புள்ளி கடலில் விழுகிறது

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இருப்பதிலேயே சுலபமான கோளாறு இது. எந்தக் கடல் என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுக்குப் பக்கத்தில் ஆர்க்டிக் கடலில் விழுந்தால் லேட்டும் லாங்கும் இடம் மாறியிருக்கின்றன. கொழிஞ்சாம்பாறை ஏறக்குறைய 10.74 வடக்கு, 76.83 கிழக்கு. மாற்றிப் போட்டால் 76.83 வடக்கு, 10.74 கிழக்கு. அது அங்கேதான். ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பிலும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்திலும் லாங் முதலில். இணையப் பக்கத்தில் வரைபடம் காட்டும் லீஃப்லெட்டிலும் கூகுள் மேப்ஸ் தேடல் கட்டத்திலும் லேட் முதலில். இரண்டையும் இணைக்கிற இடத்தில் பாருங்கள். நம் பகுதிக்கு ஒரு சுலபமான காவல்: லேட் 20ஐத் தாண்டினாலோ லாங் 70க்குக் கீழே போனாலோ சேமிக்காதே என்று ஒரு விதி.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் விழுந்தால் இரண்டும் பூஜ்யம். பதில் வராத இடத்தில் மென்பொருள் வெற்றிடத்தைப் பூஜ்யமாக எழுதியிருக்கிறது. அப்படியானால் அறிகுறி 4க்குப் போங்கள்.

புள்ளியே தெரியாமல், எண்கள் 85 லட்சம், 12 லட்சம் என்று இருந்தால் அவை பாகை இல்லை, மீட்டர். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 என்ற ஆயத்தொலைவு முறையில் இருக்கின்றன. க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, பாகையில் சொல்லும் 4326 முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடலில் இல்லாமல் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி விழுந்தால், பாகை கலை விகலையில் (டிகிரி, நிமிடம், விநாடி) இருந்ததை அப்படியே தசமமாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 10 பாகை 36 கலை என்பது 10.36 இல்லை, 10.6. இந்த ஒரு தவறு மட்டுமே 26 கிலோமீட்டருக்கு மேல் இழுத்துவிடும்.

இந்த அறிகுறிக்கு ஆள் கூப்பிட வேண்டியதே இல்லை.

அறிகுறி 3: பல வீடுகள், ஒரே புள்ளி

இதுதான் எல்லையோரத்தின் பெரிய கோளாறு. ஆனால் யாரும் இதைக் கோளாறு என்று சொல்வதில்லை, ஏனென்றால் வரைபடத்தில் எல்லாம் அழகாக, சரியான ஊரில் தெரியும். கொழிஞ்சாம்பாறைக்கு நாற்பது வாடிக்கையாளர் இருந்தால் நாற்பதும் ஊரின் நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்.

இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எக்செல் போதும். லேட்டையும் லாங்கையும் ஒரே கட்டத்தில் சேர்த்து, கவுன்டிஃப் போட்டு, எந்தப் புள்ளி மூன்று தடவைக்கு மேல் வருகிறது என்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு இல்லாத ஊரில் அப்படி வரக் காரணமே இல்லை.

ஏன் இப்படி? ஜியோகோடருக்கு வீடு தெரியாவிட்டால் தெருவைத் தேடும், தெரு தெரியாவிட்டால் ஊரை, ஊர் தெரியாவிட்டால் பின்கோட்டின் நடுப்புள்ளியை எடுத்துக் கொடுத்துவிடும். கேரளத்து முகவரி ஒன்றைப் பாருங்கள்: '7/214, ஸ்ரீ நிலையம், மாரியம்மன் கோவில் அருகில், கொழிஞ்சாம்பாறை அஞ்சல், சித்தூர் வட்டம், பாலக்காடு, 678555'. தெருப்பெயரே கிடையாது. 7 என்பது பஞ்சாயத்து வார்டு, 214 அந்த வார்டுக்குள் வீட்டு எண், பிறகு வீட்டின் பெயர். வார்டு பிரிப்பு மாறினால் எண்ணும் மாறும். 2025 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் கேரளம் முழுக்க வார்டுகளைத் திருத்தியமைத்தார்கள். தெருவை நம்பி வடிவமைத்த மென்பொருளுக்கு இந்த முகவரியில் பிடித்துக்கொள்ள ஊர்ப்பெயரைத் தவிர எதுவும் இல்லை.

*செலவில்லாத முதல் வேலை:* பதிலோடு வரும் நம்பகத்தன்மைக் குறிப்பைச் சேமியுங்கள். கூகுள் நான்கு நிலை சொல்லும்: ரூஃப்டாப் என்றால் கட்டடம் வரை தெரியும். ரேஞ்ச் இன்டர்பொலேட்டட் என்றால் தெருவில் ஓர் ஊகம். ஜியோமெட்ரிக் சென்டர் என்றால் ஏதோ ஒரு பகுதியின் நடு. அப்ராக்சிமேட் என்றால் தோராயம். 'பார்ஷியல் மேட்ச்' என்ற குறி இருந்தால், கேட்டதில் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறது. நாமினாட்டிமில் பிளேஸ் ரேங்க் பாருங்கள். 30 என்றால் வீடு அல்லது கட்டடம் அளவு. 26, 27 என்றால் தெரு. அதற்குக் கீழே எல்லாம் ஊர், பகுதி, பின்கோடு.

இந்தக் குறிப்பை ஆயத்தொலைவுக்குப் பக்கத்திலேயே ஒரு பத்தியாக வைத்து, தோராயமானவற்றை வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டுங்கள். ஓட்டுநருக்கு 'போன் செய்துவிட்டுப் போகவும்' என்று சீட்டில் அச்சாக வேண்டும். எந்த அமைப்பையும் மாற்றாமல், இந்த ஒன்றைச் செய்தாலே வண்டி அலைவது பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

*இரண்டாவது:* வீட்டுப் பெயரையும் வார்டு எண்ணையும் கேள்வியில் இருந்து எடுத்துவிட்டு, அடையாளத்தை ஊரோடு சேர்த்துத் தனியாகத் தேடுங்கள். மாரியம்மன் கோவில், பால் சொசைட்டி, ரேஷன் கடை, தமிழ் மீடியம் பள்ளி, மில்லு. இவற்றில் பல வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும். வீட்டுக்குப் பதில் கோவில் வாசல் கிடைத்தால், ஊர் நடுவைவிட அது எவ்வளவோ மேல். எடுத்த வீட்டுப் பெயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டெலிவரிச் சீட்டில் அது வேண்டும். அந்தப் பக்கம் ஊரில் விசாரிக்கும்போது வீட்டுப் பெயர் சொன்னால்தான் வழி காட்டுவார்கள்.

*மூன்றாவது, உண்மையான தீர்வு:* முதல் தடவை சரக்கு இறக்கும்போது ஓட்டுநர் வாசலில் நின்று போனில் இடத்தைப் பதிவு செய்யட்டும். அடுத்த தடவை முதல் ஜியோகோடரைக் கேட்கவே வேண்டாம், இதையே எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். திறந்த வானத்தின் கீழ் போன் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். தென்னந்தோப்புக்குள் அவ்வளவு வராது. போன் சொல்லும் துல்லிய அளவு 20 மீட்டருக்குள் வரும்வரை பொறுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் அது டவரை வைத்துச் சொன்ன இடமாகவும் இருக்கலாம், பல நூறு மீட்டர் விலகும். கையால் பதிந்த புள்ளிகளுக்கு 'நேரில் பார்த்தது' என்று குறி போட்டு, ஜியோகோடர் அதன் மேல் எழுத முடியாதபடி பூட்டிவையுங்கள்.

அஞ்சல் துறை 2025 மே 27 அன்று வெளியிட்ட டிஜிபின் இதற்கு நல்ல துணை. பத்து எழுத்துக் குறியீடு, ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டம். அது ஆயத்தொலைவில் இருந்தே கணக்கிடப்படுவதால் வீட்டு எண், வார்டு எது மாறினாலும் மாறாது. வாடிக்கையாளர் போனில் பத்து எழுத்தைப் படித்துச் சொல்ல முடியும், லேட் லாங்கைச் சொல்லச் சொன்னால் குழம்பிப்போவார்கள். ஆனால் அவர் வீட்டில் இருந்தபடிதான் அதை எடுத்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் உட்கார்ந்து எடுத்தால் கடைக்குத்தான் குறியீடு வரும்.

*செலவாகும் வழி:* சொந்தமாக நாமினாட்டிம் நிறுவி, உங்கள் வாடிக்கையாளர் ஊர்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்துக்கொள்வது. ஜியோஃபேப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென்மண்டலம் மட்டும் தனிக் கோப்பாகக் கிடைக்கிறது, முழு இந்தியாவையும் ஏற்ற வேண்டாம். இதற்கு லினக்ஸும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் பழகிய ஒருவர் வேண்டும். ஒரு நாளைக்கு நூறு டெலிவரிக்குக் கீழே உள்ள கடைக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. ஓட்டுநர் போனே போதும்.

அறிகுறி 3-அ: ஊர் சரி, வீடு சில நூறு மீட்டர் தள்ளி

எல்லாப் புள்ளிகளும் ஒரே சீராக விலகியிருந்தால் தசம இலக்கத்தை எண்ணுங்கள். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிசகும், மூன்று என்றால் நூற்றுப்பத்து மீட்டர், நான்கு என்றால் பதினொரு மீட்டர். ஐந்து இலக்கம் இருந்தால் வாசலுக்கே போகலாம். தரவுத்தளப் பத்தியோ எக்செல்லோ இலக்கத்தை வெட்டியிருக்கும். வெட்டுப்பட்டதை மீட்க முடியாது, மறுபடிதான் எடுக்க வேண்டும்.

ஒன்றிரண்டு மட்டும் விலகினால் அது பெரிய தோப்பின் நடுப்புள்ளியாக இருக்கும். வாசல் வேறு ரோட்டில் இருக்கும். கையால் நகர்த்துவதைத் தவிர வழியில்லை.

அறிகுறி 4: பதிலே வரவில்லை

எக்செல்லைத்தான் முதலில் சந்தேகியுங்கள். கேரளத்து வீட்டு எண் '5/12' என்று இருந்தால் எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டு டிசம்பர் 5 அல்லது மே 12 என்று மாற்றிவிடும். கோப்பைத் திறக்கும் முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று வைக்க வேண்டும், பிறகு மாற்றினால் பழைய எண் திரும்ப வராது. தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் சிஎஸ்வி கோப்பை யுடிஎஃப்-8இல் சேமியுங்கள். '678 555' என்று பின்கோட்டின் நடுவே இடைவெளி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளவுக்கு மீறிய விவரம். ஜியோகோடர் அனுப்பிய சொற்கள் எல்லாவற்றையும் பொருத்தப் பார்க்கும், ஒன்று பொருந்தாவிட்டாலும் சில மென்பொருள்கள் கையை விரித்துவிடும். இடப்பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக உரியுங்கள்: முதலில் வீட்டு எண், பிறகு வீட்டுப் பெயர், பிறகு 'அருகில்', 'எதிரில்', 'வழி' போன்ற சொற்கள், பிறகு 'அஞ்சல்', 'வட்டம்', 'தாலுகா'. எந்தப் படியில் பதில் வந்தது என்பதையும் சேர்த்துச் சேமியுங்கள், அறிகுறி 3இல் சொன்ன நம்பகத்தன்மைக்கு அது உதவும்.

அதற்கடுத்தது எழுத்துக்கூட்டல். கொழிஞ்சாம்பாறையின் ழகரத்தை ஆங்கிலத்தில் கேரளத்து முறைப்படி இரண்டு எழுத்தில் எழுதுவார்கள், நம் பக்கத்தில் பலர் ஒற்றை 'எல்' போடுவார்கள். வாளையாருக்கு டபிள்யூவும் உண்டு, வி-யும் உண்டு. பாலக்காட்டுக்குப் பழைய ஆங்கிலப் பெயரில் இன்னும் முகவரி எழுதுகிறவர்கள் உண்டு. எருத்தேன்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி என்று முடியும் ஊர்களில் இன்னொரு சிக்கல்: எழுத்துப்பிழையைத் தானே திருத்தும் மென்பொருள், வடகரப்பதியைக் கோழிக்கோடு மாவட்டத்து வடகரையாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. உங்கள் வாடிக்கையாளர்கள் எழுதுகிற எல்லா வடிவத்தையும் இடப்பக்கம், வரைபடத்தில் உள்ள வடிவத்தை வலப்பக்கம் வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். ஐம்பது அறுபது வரி வந்தாலே இந்தப் பகுதி பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த அட்டவணை கடையின் சொத்து. மென்பொருளை மாற்றினாலும் கூடவே எடுத்துப் போகலாம்.

எல்லாம் சரியாகத் தெரிந்தும், கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சொற்களில் ஒன்றுக்கு மட்டும் பதில் வருகிறதா? அப்படியானால் உள்ளே இருக்கும் குறியீடு வேறு. தமிழில் 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். என்எஃப்சி என்ற சீராக்கத்தை ஓட்டினால் தமிழுக்கு இது சரியாகிவிடும். மலையாளத்தில் அது போதாது. சித்தூரின் பெயர் மலையாளத்தில் சில்லெழுத்தில் (உயிரொலி சேராத மெய்யைக் காட்டும் தனி எழுத்து) முடிகிறது. 2008இல் வந்த யூனிகோட் 5.1இல்தான் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு கொடுத்தார்கள். அதற்கு முந்தைய முறையில் ரகரம், சந்திரக்கலை (நம் மெய்யெழுத்தின் புள்ளி போன்றது), கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்று குறி. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும், சீராக்கமும் இவற்றை ஒன்றாக்காது. பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றும் ஒரு வரி நிரல் தனியாக எழுத வேண்டும். மலையாளத்தில் முகவரி வாங்குகிற கடைக்கு மட்டும்தான் இது.

கடைசியாக, ஊரே வரைபடத்தில் இல்லாமல் இருக்கலாம். களங்கள், சிறு குடியிருப்புகள் பலவற்றுக்கு இன்னும் புள்ளி இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே சேர்க்கலாம். தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், மாற்று எழுத்துக்கூட்டல் மூன்றையும் அதற்கான தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். பொதுச் சேவையகத்தில் அது சீக்கிரமே தேடலுக்கு வந்துவிடும். சொந்த நிறுவல் என்றால் புதுப்பிப்பை ஓட்டினால்தான் வரும்.

அறிகுறி 5: நேற்றுவரை வந்தது, இன்று எல்லாமே நின்றுவிட்டது

முகவரியைத் தொட வேண்டாம், கோளாறு அதில் இல்லை. பொதுவான நாமினாட்டிம் சேவையகத்தில் நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் அனுப்பக் கூடாது, உங்கள் மென்பொருள் தன் பெயரைக் கேள்வியின் தலைப்பில் (யூசர்-ஏஜென்ட் ஹெடர்) சொல்லியிருக்கவும் வேண்டும். பழைய பட்டியல் முழுவதையும் யாராவது மொத்தமாக ஓட்டியிருப்பார்கள், தடுத்திருப்பார்கள். கூகுள் என்றால் சாவி (ஏபிஐ கீ), பில்லிங், அன்றாட வரம்பு என்ற வரிசையில் பாருங்கள். 'ரிக்வெஸ்ட் டினைட்' என்றால் சாவி அல்லது அனுமதி, 'ஓவர் க்வெரி லிமிட்' என்றால் வரம்பு. கூகுள் தரும் லேட், லாங்கை 30 நாளுக்கு மேல் சேமித்துவைக்க அதன் விதிமுறை இடம் தராது, ஒவ்வோர் இடத்துக்கும் கூகுள் தரும் அடையாளக் குறியான பிளேஸ் ஐடியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் நேரில் பதிந்த புள்ளிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அறிகுறி 6: இடம் சரி, மாநிலம் தப்பு

புள்ளி வாசலிலேயே விழுகிறது, ஆனால் மென்பொருள் மாநிலத்தை மாற்றிச் சொல்கிறது. வண்டிக்கு இதனால் நஷ்டமில்லை, பில்லுக்கு உண்டு. சரக்கு போய்ச் சேரும் மாநிலத்தைப் பொறுத்துத்தான் மாநிலத்துக்குள்ளான வரியா, ஐஜிஎஸ்டியா என்பது முடிவாகும்.

வணிக வாடிக்கையாளர் என்றால் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 33 தமிழ்நாடு, 32 கேரளம், 37 ஆந்திரம். அதோடு பின்கோட்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரு பக்கம், புள்ளியில் இருந்து வந்த மாநிலம் மறுபக்கம் என்றால் ஜியோகோடர் சொன்னதை விட்டுவிடலாம். ஜிஎஸ்டி எண் ஒரு மாநிலம், சரக்கு இறங்கும் பின்கோடு இன்னொரு மாநிலம் என்றால் அது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். கடை இங்கே, தோப்பு அங்கே என்று வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் நிறைய. வாடிக்கையாளரைத்தான் கேட்க வேண்டும், பில்லை எப்படிப் போடுவது என்று கணக்காளரைக் கேட்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் எல்லைக்கோடுதான். மென்பொருள் தன்னிடம் உள்ள மாநிலப் பலகோணத்துக்குள் புள்ளி விழுகிறதா என்று பார்த்துச் சொல்கிறது. வேகத்துக்காக வளைவுகளை நேராக்கிச் சுருக்கிய கோடு என்றால், எல்லையை ஒட்டிய தோப்புகள் மறுபக்கம் போய்விடும். சுருக்காத எல்லைக்கோப்பை ஏற்றுங்கள். அப்படியும் கோட்டில் இருந்து ஐந்நூறு மீட்டருக்குள் விழும் புள்ளிகளுக்கு மாநிலத்தைத் தானாக நிரப்பாமல், மனிதர் ஒருவர் உறுதிசெய்யும் வரிசையில் நிறுத்திவையுங்கள். எல்லையோரக் கடையில் இந்த வரிசை நீளமாக இருக்காது.

பின்கோடும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, தோட்டம் கோட்டின் மேலேயே இருக்கிறது, வீட்டுக்காரரே இரண்டு விதமாகச் சொல்கிறார் என்றால் கணினியை மூடிவிடலாம். நிலவரி ரசீதை வாங்கிப் பாருங்கள். எந்த மாநிலத்து ரசீதோ அதுவே பதில். ரசீதும் சந்தேகமாக இருந்தால் நம் பக்கம் கிராம நிர்வாக அலுவலர், அந்தப் பக்கம் வில்லேஜ் ஆபீசர். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு போனால் புல வரைபடத்தில் காட்டிவிடுவார்கள். வேலியே தகராறில் இருந்தால் மட்டும் அரசு சர்வேயர் அளக்க வேண்டும். போனில் எடுத்த புள்ளியை அதற்கு ஆதாரமாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.